முள்வேலிக்கு மேலே கடதாசி வலை

கல்முனை பஸ் நிலையத்தில் யார் எதை வீசினாலும் அது கடைசியில் என் விளக்குமாற்றுக்கு முன்னால்தான் வந்து நிற்கும். சுரண்டிப் பார்த்து ஏமாந்த லொத்தர் சீட்டு, பொத்துவில் பஸ்ஸில் வந்தவர் சுருட்டி எறிந்த டிக்கற், டொபி சுற்றிய மினுக்கத் தாள், மதிலில் ஒட்டியிருந்து மழைக்குக் கழன்று விழுந்த டியூசன் நோட்டீஸ். எல்லாவற்றையும் கூட்டிக் குவித்து வண்டியில் தள்ளுவதுதான் என் வேலை. தள்ளுவதற்கு முன்னால் நல்லதாகக் கொஞ்சம் பொறுக்கி வேலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

வெயில் ஏறும்போது நானும் செல்லத்தங்கமும் நிலையத்தின் பின்பக்கப் படியில் பிளேன்டீயோடு உட்காருவோம். செல்லத்தங்கம் பாண்டிருப்புக்காரி, என்னோடு கூட்டுகிறவள். அவள் தேநீரை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் என் கையில் ஏதாவது ஒன்று முளைத்துவிடும். லொத்தர் சீட்டு காற்றாடியாகும். டொபித் தாளை நடுவில் முறுக்கினால் இடுப்பு வந்து, விரித்தால் பாவாடை வந்து, ஒரு பொம்பிளை நிற்பாள். முழங்கால் வலி முழங்காலோடு கிடக்கும். விரல்களுக்கு மட்டும் அந்த நேரத்தில் எட்டு வயது.

செய்தவற்றை நான் சேர்த்து வைப்பதில்லை. காற்றாடி ஏதாவது ஒரு ஓட்டோவின் கண்ணாடியில் போய்ச் சுற்றும். மினுக்கத் தாள் பூ செல்லத்தங்கத்தின் வீட்டுச் சாமிப்படத்துக்குப் போகும். அவள் வாங்கவும் வாங்குவாள், நக்கலும் அடிப்பாள். உன் புருசன் பசியோடு வந்தால் கடதாசிச் சோறும் கடதாசிக் கறியுமா போடுவாய் என்பாள். என் மனுசன் பொத்துவிலில் கட்டட வேலை. கிழமைக்கு ஒரு தரம் வருகிறவருக்கு எதைப் போட்டாலும் ருசிதான் என்பேன் நான்.

எழுத்துப் படித்தது மகளுக்குக் கலியாண வயது வந்த பிறகுதான். பெண்கள் சங்கத்தில் பின்னேரங்களில் சொல்லித் தந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. கையில் எடுத்த தாளை வாசிக்காமல் மடிக்க முடிவதில்லை. டியூசன் நோட்டீஸ் என்றால் கணித ஆசிரியரின் பெயர், அவர் படித்த படிப்பு, வகுப்பு நடக்கும் இடம் எல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் அவரைப் பூவாக்குகிறேன்.

இந்தக் கடதாசிப் பைத்தியம் எனக்குத் தனியாகப் பிடித்ததில்லை. றுஸ்னா ராத்தாவுக்கும் எனக்கும் சேர்ந்து பிடித்தது. ராத்தா என் கூடப்பிறந்த அக்கா. வாப்பா சந்தையில் மூட்டை சுமந்தார். கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததாக ஞாபகம் இல்லை. டொபித் தாள் பொம்மைக்கும், வாப்பாவின் சிகரெட் பெட்டி ஈயத்தாளில் செய்த மாப்பிள்ளைக்கும் நாங்கள் கலியாணம் கட்டிவைப்போம். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தச் சோடி எங்கள் தலையணைக்குக் கீழே குடும்பம் நடத்தியது. கடைசியில் அந்தப் பொம்பிளையை எறும்பு தூக்கிக்கொண்டு போனது. டொபியின் இனிப்பு அதில் மிச்சம் இருந்திருக்க வேண்டும். ராத்தா அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு ஒரு அடி வாங்கினேன்.

கொஞ்சம் வளர்ந்ததும் வலை வெட்டினோம். மெல்லிய வர்ணக் கடதாசியை நீளமாக மடித்து, இந்தக் கரையில் ஒரு வெட்டு, அந்தக் கரையில் ஒரு வெட்டு என்று மாறி மாறி வெட்டிக்கொண்டு போகவேண்டும். மடிப்பை விரித்து இரண்டு தலைப்பையும் பிடித்தால், ஒரு முழக் கடதாசி மீன்வலை மாதிரிக் கண் கண்ணாய்த் திறந்து வாசலைக் கடந்து நீளும். நான் மடிப்பேன், ராத்தா வெட்டுவாள், விரிக்க இரண்டு பேரும் வேண்டும். தெருவில் கலியாண வீடென்றால் றுஸ்னாவையும் நாச்சியாவையும் கூட்டிவாருங்கள் என்று ஆள் வரும். கோதுமை மாப் பசை முழங்கை வரைக்கும் காய்ந்திருக்க, தலையில் கடதாசித் துண்டுகளோடு நாங்கள் வீட்டுக்கு வருவோம். உம்மா எங்களைத் தலைகீழாய்ப் பிடித்து உதறுவது மாதிரி எங்கள் முக்காட்டை உதறுவா.

உம்மா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு வீட்டு வளவு எங்கள் இருவருக்கும் இரண்டாகியது. கிணறு ராத்தாவின் பக்கம் போனது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் ஆடு அவளுடைய மரவள்ளியைத் தின்றதில்தான் தொடங்கியது. ஒரு நாள் தின்றது, மறு நாளும் தின்றது, ராத்தாவின் புருசன் ஸப்ரி மச்சான் முள்ளுக்கம்பி இழுத்தார். அன்றைக்கு ராத்தா வேலியில் நின்று, குப்பை கூட்டுகிறவளுக்குக் குப்பையும் வீடும் ஒன்றுதான், கடதாசிக் குப்பையை வீட்டுக்குள் குவித்து வைத்திருக்கிறாள், ஆட்டையாவது கட்டி வைக்கத் தெரியவில்லை என்றாள். ஆட்டைச் சொன்னதை விட்டுவிட்டேன். கடதாசியைச் சொன்னது உள்ளே போய்விட்டது. அதை வேறு யாராவது சொல்லியிருக்கலாம்.

நாலு வருசம் நாங்கள் கதைக்கவில்லை. வாளி கிணற்றில் விழும் சத்தம் கேட்கும். அவள் இருமினால் கேட்கும். அவ்வளவுதான்.

இந்த வருசம் என் மகள் றம்ஸியாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. எங்கள் குடும்பத்தில் மணப்பெண்ணைக் குளிப்பாட்டும்போது முதல் குடம் ஊற்றுவது உம்மாவின் மூத்த சகோதரி. எனக்கு ஊற்றியது என் பெரியம்மா. றம்ஸியாவுக்கு ஊற்ற வேண்டியவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பேச்சு நடந்த நாட்களில் ஒரு தரம் அவளிடம் போனேன், கேற்றில் பூட்டுத் தொங்கியது, திரும்பிவிட்டேன். வேறு யாரையாவது ஊற்றச் சொல்லலாம் என்று சொந்தத்தில் சொன்னார்கள். வேறு ஆளின் கையால் அந்தத் தண்ணீர் என் பிள்ளையின் தலையில் விழுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வராமல் போனால் இனி எந்த நல்லது கெட்டதுக்கும் நாங்கள் இரண்டு குடும்பம்தான்.

றம்ஸியா சோடனைக்காரரை வேண்டாம் என்றுவிட்டாள். சின்ன வயதிலிருந்து நான் சொல்லிக் கேட்ட அந்த வலை தன் அறை வாசலில் வேண்டும் என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம், வெளியில் முறுகிக்கொண்டேன். பஸ் நிலையத்தில் ஒரு மாதமாக றோஸ், பச்சை நோட்டீஸ்களாய்ப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து, மெத்தைக்கடியில் வைத்து மட்டமாக்கியிருந்தேன். அவற்றைப் பசை போட்டு ஒட்டி இரண்டு நீளத் தாள் செய்தேன்.

முதல் வலையை மகளோடு விரித்தேன். அவள் அவசரக்காரி. ஒரு இழுவை, நடுவால் கிழிந்து போய்விட்டது. முகத்தைத் தூக்கிக்கொண்டு, தையற்காரியிடம் சட்டை எடுக்கவேண்டும் என்று போய்விட்டாள்.

மிச்சம் ஒரு தாள். வேலியோரம் முருங்கை நிழலில் பாயைப் போட்டு, மூச்சைப் பிடித்து வெட்டி முடித்தேன். ஒரு தலைப்பைப் பாயில் கல் வைத்து அமர்த்திவிட்டு மற்றதை மெல்ல இழுத்தேன். வெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டோம் என்று நின்றன.

"இழுக்காத."

வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. ராத்தா கிணற்றுக்கட்டில் வாளியோடு நின்றாள். எவ்வளவு நேரமாய் நின்றாளோ தெரியாது. நான் திரும்பவில்லை.

"ஒனக்குத்தான் புள்ள சொல்றன். இழுத்தா நடுவால போயிடும். உதறு."

உதறினேன். கல் உருண்டது.

"ஒராள் உதறினா விரியுமா? மத்தத் தலைப்ப இஞ்ச தா."

வாளியை வைத்துவிட்டு வேலியடிக்கு வந்து கம்பிக்கு மேலே கையை நீட்டினாள். கையில் நரம்பு புடைத்திருந்தது. நான் கொடுத்தேன். ராத்தாவுக்காக இல்லை, வலைக்காகக் கொடுக்கிறேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவள் இரண்டு விரலால் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு அடி வைத்தாள். நான் ஒரு அடி வைத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சின்னதாய் உதறினோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. முதல் கண் திறந்தது. அடுத்தது திறந்தது. பிறகு எல்லாம் சரசரவென்று திறந்து ஓட, அவள் கிணறு வரைக்கும் போனாள், நான் குசினி வாசல் வரைக்கும் போனேன். நடுவில் கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் றோசும் பச்சையுமாய்த் துளைத்துளையாய் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். வலைக்குக் கீழே முள்ளுக்கம்பி. நெஞ்சு உயரத்துக்கு மூன்று இழை. கையை ஒரு சாண் இறக்கினால் முள்ளில் மாட்டும். முன்னால் போய்க் கிட்ட வந்தால் தொய்ந்து மாட்டும். மேற்கே வயல் பக்கமிருந்து கச்சான் காற்று வேறு வீசத் தொடங்கியது.

"கைய இறக்கிடாத," என்றாள் ராத்தா.

"நான் இறக்கல்ல. நீங்க இறக்காம இரிங்க."

"உள்ளுக்கு ஆரும் இல்லயா?"

"மகள் தையலுக்குப் போயிட்டாள். மச்சான்?"

"தொழப் பள்ளிக்கு."

கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். எனக்குத் தோள் எரிந்தது. அவளுக்கு என்னைவிட வயது கூட.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காமக் கலியாணத்தப் பேசி முடிச்சிட்டாய்," என்றாள்.

"கேக்க வந்தன். கேற்றில பூட்டுக் கிடந்திச்சு."

"அது ஒன்ட ஆட்டுக்குப் போட்ட பூட்டு. ஒனக்கில்ல."

"ஆட்ட எப்பயோ வித்துப் போட்டன் ராத்தா."

"எனக்கென்ன தெரியும்? சொன்னியா?"

வேலிக்கு அந்தப் பக்கம் மரவள்ளி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. காற்று வலையைத் தூக்கிப் பிடித்து விட்டது. இரண்டு பேரும் நுனிக்காலில் எழும்பி இறங்கினோம். ராத்தா தன் விரலுக்குக் கிட்ட இருந்த கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கால எடுத்த?"

"குப்பையில."

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். வலையின் அவள் பக்கம் கொஞ்சம் இறங்கியது, உடனே உயர்ந்தது.

"நல்ல கடதாசி," என்றாள். பிறகு, "அண்டைக்கு என்ட வாய் நல்லமில்ல புள்ள," என்றாள்.

அதற்குப் பதில் சொன்னால் அழுகை வரும், அழுதால் கை ஆடும். வேறு சொல்ல வேண்டியது இருந்தது, அதைச் சொன்னேன்.

"ராத்தா, வாற வெள்ளி என்ட மகளுக்குக் கலியாணம். நீங்களும் மச்சானும் வரோணும். மொதக் குடம் நீங்கதான் ஊத்தோணும்."

"இப்பிடியா கலியாணஞ் சொல்ற? வெத்தில இல்ல, ஒண்டுமில்ல, வெறுங்கையோட."

"ரெண்டு கையும் நிறைஞ்சிரிக்கு. காணல்லயா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலை முழுக்கக் குலுங்கியது. "சிரிக்க வைக்காத சனியன், கிழிஞ்சிரும்," என்று ஏசிக்கொண்டே சிரித்தாள். சிரித்து முடித்து, "ஊத்துறன். நான் ஊத்தாம வேற ஆர் ஊத்துற? கிணத்துத் தண்ணிதான், கொழாய்த் தண்ணி சரிவரா," என்றாள்.

ஸப்ரி மச்சான் தொழுதுவிட்டுச் சைக்கிளில் வந்தார். தன் மனைவியும் மச்சினியும் தன் வேலிக்கு மேலே கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்காமல் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். இது என்ன வேலை, விடுங்கள், கடையில் நல்லதாய் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார்.

"கொறட்ட எடுத்து வந்து கம்பிய வெட்டுங்க," என்றாள் ராத்தா.

"எந்தக் கம்பிய?"

"நீங்க கட்டின கம்பியத்தான்."

கடதாசிக்காக யாராவது கம்பியை வெட்டுவார்களா, நாளைக்கு மாடு வரும், இவர்களுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார். குறட்டோடுதான் வந்தார். மேல் இழையை வெட்டினார். அது பாம்பு மாதிரிச் சுருண்டு அந்தப் பக்கம் போனது. இரண்டாவதையும் வெட்டினார். கீழ் இழையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, ம், வா என்றார்.

ராத்தா கால் தூக்கித் தாண்டினாள். சாறித் தலைப்பு முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அதை அவள் பார்க்கக்கூட இல்லை, வலையைத்தான் பார்த்தாள்.

இரண்டு பேரும் வலையைத் தொய்யவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனோம். நான் பின்னால் காலை வைக்க, அவள் முன்னால் காலை வைக்க, வாசலில் யார் முதலில் நுழைவது என்று தகராறு வந்தது. என் பக்கம்தான் கிட்ட என்றேன். பின்னாலே பார்க்காமல் போனால் படியில் விழுவாய் என்றாள். விழுந்தாலும் என் வீட்டுப் படியில்தானே விழுவேன் என்றேன்.

தையலுக்குப் போன றம்ஸியா அந்த நேரத்தில் வந்து முற்றத்தில் நின்றாள். தைத்த சட்டை இருந்த பையை மெல்லக் கீழே வைத்தாள். எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய், இரட்டைக் கதவில் எப்போதும் சாத்தியே கிடக்கும் மற்றப் பாதியின் கொளுக்கியைக் கழற்றி வாசலை அகலத் திறந்துவிட்டாள்.