மைனஸ் நான்கு

பன்னிமண்டபத்து வீட்டின் முன்னறையில் இருந்த, பாட்டு வாசிக்கிற கீபோர்டைப் பதினாலு மாதமாக இஸ்ரவேல் அணைக்கவே இல்லை. கரண்ட் போனாலும் தாங்கட்டும் என்று அதற்கென்றே ஒரு யுபிஎஸ் வாங்கி வைத்தார். நாற்காலியை விட்டு எழுந்தால் ஃபேனை அணைத்துவிட்டுப் போகிற, தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் சிக்கனம் பிடித்த மனுஷர் அவர்.

காரணம் அதன் சின்னத் திரையில் இருந்தது. மைனஸ் நான்கு. இஸ்ரவேலின் விரலுக்கு ஒரே ஸ்கேல்தான் வரும். எந்தப் பாட்டானாலும் வெள்ளைக் கட்டையிலேயே வாசிப்பார். ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் சுருதி தானே ஏறும், இறங்கும்; மைனஸ் நான்கு என்றால் நாலு படி கீழே. கோயில் கீபோர்டுக்காரர்கள் பாதிப் பேர் பிழைப்பது இப்படித்தான். அந்தப் பொத்தானை அழுத்துவது மட்டும் எப்போதும் அவர் மனைவி சகாயமேரி. மகள் ஷாரனின் பிரசவத்துக்காகக் கனடா கிளம்பிய காலையிலும் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து நாலு தடவை அழுத்தினாள். இருவரும் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் டாக்ஸிக்காரன் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டான்.

அணைத்தால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். போனால் என்ன, தானே நாலு தடவை அழுத்தத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் ஆறு மாதத்தில் வருகிறேன் என்று போனவள் திரும்பி வரும்போது, அவள் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும். கிழவரின் வீம்பு அது.

இப்போது திரை மங்கத் தொடங்கிவிட்டது. ரிப்பேர்காரர் மல்லப்பன் வந்து முதுகுப் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்.

"ஆன்லயே வெச்சா கெட்டுடும்னு சிலர் சொல்வாங்க, போட்டுப் போட்டு அணைச்சாத்தான் கெடும்னு சிலர் சொல்வாங்க. ரெண்டும் கொஞ்சம் நிஜந்தான் சார். அதுக்காகப் பதினாலு மாசமா? சூடு நோடி, தொட்டுப் பாருங்க! உள்ள கண்டென்ஸர் காஞ்சுபோகும். ஆஃப் மாடிபிடி சார், அணைச்சுடுங்க, பாவம்."

ஞாயிறு சாயங்காலம் வரை யோசித்துவிட்டு, அங்கே விடிந்திருக்கும் என்று போன் போட்டார்.

"மேரி, கீபோர்டை அணைச்சுடட்டா?"

"இன்னுமா ஆன்ல இருக்கு? எதுக்கு ரீ?" கன்னடக்காரப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற 'ரீ' அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன் சுருதி போயிடுமேன்னு."

அவள் சிரித்தாள். பின்னால் குழந்தை சிணுங்கியது.

"மைனஸ் நாலு என் சுருதியா? அது உங்களுதுரீ! கூடப் பாடுறேன்னு வருவீங்க, மேல எட்டாம கத்துவீங்க. சொன்னா ரோஷம் வேற வரும். அதான் நானே எறங்கி வந்துட்டேன். அப்படியே பழகிப்போச்சு."

"அப்போ உனக்கு எது?"

"இங்க கொயர்ல ஒரு பொண்ணு வாசிக்குது. பூஜ்யத்துலயே வெச்சுடும்மான்னு சொல்லிட்டேன். தொண்டை தொறந்துட்ட மாதிரி இருக்கு. சரி, பூசைக்கு நேரமாச்சு, அணைச்சுடுங்க. இன்னும் ஒரு வருஷம் இருக்கறதுக்கு எழுதிப் போட்டிருக்கோம், ஷாரன் சொன்னாள்ல?"

"சொன்னா" என்றார். ஷாரன் சொல்லியிருக்கவில்லை.

கீபோர்டை அணைத்தார். வீட்டில் இத்தனை நாள் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்திருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் அவளைத் தன்னோடு கீழேயே நிறுத்தி வைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. இனி இறங்கி வருவாளா என்று பயமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கீபோர்டை மறுபடி போட்டார். திரையில் பூஜ்யம். கை பொத்தான் வரை போய்த் திரும்பியது. டாக்ஸி வந்த அன்று பாடிய பாட்டையே எடுத்தார். முதல் வரியில் கூடவே பாடினார். இரண்டாவது வரி மேலே ஏறியபோது குரல் எட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு, அவள் பாடவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, கடைசி வரை வாசித்தார்.