கடல் காணாத வள்ளம்

“அண்ணே, பாத்தியளா? குடம், வாளி, ட்ரம், ஐஸ்பெட்டி, ஒண்ணையும் விடல்ல. எல்லாத்துலயும் தண்ணி!” ரீத்தா முற்றத்தைக் கைவீசிக் காட்டினாள்.

சமையல்காரர் சுயம்புராஜ் அப்போதுதான் பக்கத்து ஊரான புதுக்கடையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார். மறுநாள் ரீத்தாவின் மகள் ஜாஸ்மிக்குக் கோயிலில் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். முந்நூறு பேருக்குப் பிரியாணி. இன்று மாலை ஐந்து மணியோடு குழாய்த் தண்ணீர் நின்றுவிடும், மூன்று நாள் வராது என்று ஊரில் மைக் வைத்துச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர்.

“கெட்டிக்காரிதான். காலையில நான் அனுப்புன பிரியாணி வார்ப்பு மூணும் எங்க?”

“அதுலயும் பிடிச்சாச்சே!”

“அப்போ பிரியாணிய எதுல வைக்க? உனக்க தலையிலயா?”

ரீத்தாவின் கை வாய்க்குப் போனது. மணி நாலரை. மூன்று வார்ப்பும் விளிம்புவரை தளும்பி நின்றன.

“கொட்டிரு. மசாலாவ இன்னைக்கே வதக்கணும்.”

“கொட்டவா? நாளைக்கு முந்நூறு பேரு கை கழுவாண்டாமா? பாத்திரம் கழுவாண்டாமா?”

பக்கத்து முற்றத்தில் அண்ணன் மரியஜானின் புது ஃபைபர் வள்ளம் கட்டைகளின் மேல் பளபளத்தது. ரீத்தா வேலியோரம் ஓடினாள்.

“அண்ணா! வள்ளத்தத் தா!”

“எங்க போக?”

“எங்கயும் போகல்ல. தண்ணி ஊத்த!”

மரியஜான் சாயா கிளாசைக் கீழே வைத்தார். “ஏட்டி, கிறுக்கு பிடிச்சிட்டா? சாமியார் மந்திரிச்சு திங்கக்கிழம எறக்கப்போற வள்ளம். கடலு காணதுக்கு முன்ன உள்ள தண்ணியா? ஊரு சிரிக்கும்.”

“கடல்தண்ணி உள்ள வந்தாத்தான கேடு? இது பைப்புத் தண்ணி.”

“அது வள்ளத்துக்குத் தெரியுமா?”

“ஓட்டை இருந்தா அதுக்குத் தெரியும்லா? கடல்ல போய்க் கண்டுபிடிக்கப் போறியா, கரையில வச்சே பாக்கப் போறியா?”

மரியஜான் தாடியைச் சொறிந்தார். “பின்பக்கத்து ஒட்டு மேல எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு…”

அவ்வளவுதான். ரீத்தா கூவிய கூவலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாளியோடு வந்து வரிசை கட்டினார்கள். சுயம்புராஜும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். மரியஜான் டார்ச்சோடு வள்ளத்துக்கு அடியில் ஊர்ந்து போனார்.

“சொட்டுதா அண்ணா?”

“இல்ல! ஊத்து!”

“முதல் வார்ப்பு காலி! இப்போ?”

“காய்ஞ்சு கெடக்கு! ஊத்துங்கட்டி, ஊத்துங்க!”

மூன்றாவது வார்ப்பும் காலியானது. முகமெல்லாம் மணலோடு மரியஜான் வெளியே வந்தார்.

“ஒரு பொட்டு ஈரம் இல்ல மக்கா! எனக்க வள்ளம்னா வள்ளம்! மணி என்னாச்சு?”

“அஞ்சாவ இன்னும் பத்து நிமிசம்!”

“பைப்புல ஹோஸைச் சொருவு! இன்னும் எடம் கெடக்கு!”

“குடத்துத் தண்ணி குடிக்க, வள்ளத்துத் தண்ணி கழுவ! மாத்திராதிய!” ரீத்தா எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள்.

சுயம்புராஜ் முதல் வார்ப்பைத் துடைத்து அடுப்பில் ஏற்றினார். “இனி எவளாவது இதுல தண்ணி பிடிச்சா நாளைக்கு அவளுக்குச் சோறு கெடையாது,” என்று சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தார்.