சோட்டிக்கு ஒரு ரீஃபர்

சுதாகர் ரீஃபர் மெக்கானிக். சென்னையிலிருந்து கப்பலில் வரும் ரீஃபர் என்கிற குளிர்சாதனக் கண்டெய்னர்களில் ஏதாவது மக்கர் பண்ணினால் தீவின் ஹேடோ ஜெட்டியில் அவனைத்தான் தேடுவார்கள். நாலு நாள் கடலில் கிடந்த பாலும் மருந்தும் கெடாமல் வந்து இறங்குவது தன்னால்தான் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு முழுப் பொய்யும் இல்லை.

இப்படிப்பட்டவன் பூனைக்குச் சாப்பாடு வைக்கிற மெஷின் செய்ய உட்கார்ந்தான்.

பூனை அவன் மனைவி ஷோபனாவுடையது. பெயர் சோட்டி. இந்தியில் குட்டி என்று அர்த்தம். பதினாலு வயதாகி, பல்லெல்லாம் கொட்டியும் பெயர் மட்டும் மாறவில்லை. கடையில் விற்கிற உலர்ந்த தீனியை அது திரும்பிக்கூடப் பார்க்காது. சூரை மீனை அவித்து, முள் எடுத்து, மசித்து வைக்க வேண்டும். இரண்டு வேளையும் ஷோபனாதான் வைத்தாள். எப்படி வைக்கிறாள் என்று ஒரு நாளாவது நின்று பார்த்திருப்பானா? அதற்கெல்லாம் துரைக்கு எங்கே நேரம்?

ஷோபனாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மெயின்லேண்டில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விமானத்தில் போக, வர, எல்லாம் சேர்த்து ஒரு வாரம்.

"சாவிய ஒச்சம்மா அக்காகிட்ட குடுத்துட்டுப் போயிரலாங்க. சோட்டிய அவங்க பாத்துப்பாங்க" என்றாள் ஷோபனா.

அவனுக்குச் சுருக்கென்றது. ஒச்சம்மா பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி. போன தடவை அவர்கள் ஊருக்குப் போனபோது அவள்தான் சோட்டிக்குச் சோறு வைத்தாள். வைத்தது நாலு நாள். சொல்லிக் காட்டியது ஒரு வருஷம். காய்கறிக் கடையில், கோயிலில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், பார்க்கிறவர்களிடமெல்லாம் "நான் இல்லாட்டி அந்தப் பூனை அம்புட்டுத்தான்" என்றாள்.

"ஒருத்தர் தயவும் வேணாம். நான் மெஷின் பண்றேன்" என்றான் சுதாகர்.

பண்ணினான். அதில் குறை சொல்ல முடியாது. பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றை எடுத்து, உள்ளே சுழலும் தட்டு வைத்து, அதில் பதினாலு கிண்ணம் பொருத்தினான். ஒவ்வொன்றுக்கும் காற்றுப் புகாத ரப்பர் மூடி. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் ஒரு கிண்ணம் முன்னால் வந்து திறக்கும். இருபதே நிமிஷம். அதற்கு மேல் வெளியே இருந்தால் இந்தத் தீவு வெக்கைக்கு மீன் நொந்துபோகும், எறும்பு வரும் என்று, மிச்சம் மீதியோடு கிண்ணம் உள்ளே போய்விடும். கரண்ட் போனால் பேட்டரி. உள்ளே எப்போதும் இரண்டு டிகிரி. ஒவ்வொரு தடவையும் அவன் போனுக்குத் தகவல் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தான். அடுப்பிலிருந்து இறக்கிய மீனை மசித்துக் கிண்ணத்தில் போட்டு, ஸ்விட்சைத் தட்டினான். கிண்ணம் திறந்தது. சோட்டி வந்து வழித்து நக்கிவிட்டுப் போனது. கூட வேலை பார்க்கும் ஜம்புலிங்கம் பார்த்துவிட்டு, "அரே, பக்கா சீஜ் பனாயா யார்!" என்று இந்தியில் மெச்சி முதுகில் தட்டினான். சுதாகருக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்புகிற அன்று பதினாலு கிண்ணத்தையும் நிரப்பினான். ஒரு வாளித் தண்ணீர் வைத்தான். மாற்றுச் சாவியை ஒர்க்‌ஷாப்பில் ஜம்புலிங்கத்திடம் கொடுத்தான். மெஷின் நின்றுபோனால் மட்டும் போய்ப் பார்க்கச் சொன்னான்.

சென்னையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் ஷோபனா கேட்ட முதல் கேள்வி, "சோட்டி சாப்பிட்டுச்சா?"

அவன் போனைக் காட்டினான். "இந்தா பாரு. ஏழு மணிக்குத் தொறந்துச்சு, ஏழு இருபதுக்கு மூடுச்சு. ரெண்டு டிகிரி."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். தினமும் இரண்டு வேளை கேட்பாள். தினமும் இரண்டு வேளை அவன், "சாப்பிட்டாச்சு" என்பான். திறந்தது என்றுதான் போன் சொன்னது. சாப்பிட்டது என்று சொன்னவன் இவன்.

மூன்றாம் நாள் ஒச்சம்மா கூப்பிட்டாள். அவன் போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்தான்.

"தம்பி, பூனை காலையிலேர்ந்து கத்திக்கிட்டே கெடக்குய்யா. சாவி எங்கன்னு சொல்லு. சூடா ரெண்டு வாய் வச்சுட்டு வந்துர்றேன்."

"டென்ஷன் வேணாம்க்கா. உள்ள மெஷின் வச்சிருக்கேன். ஷோபனாவத் தேடுது, அதான். பழகிரும்."

"நீ சொன்னா சரி" என்று அவள் வைத்துவிட்டாள். ஷோபனாவிடம் அவன் இதைச் சொல்லவில்லை. உடம்பு முடியாதவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான். ஐந்தாம் நாள் அவனே ஒச்சம்மாவைக் கூப்பிட்டு, "இப்ப கத்துதாக்கா?" என்று கேட்டான். இல்லை என்றாள். பார்த்தீர்களா என்று அவன் சொல்லாத குறைதான்.

ஏழாம் நாள் மத்தியானம் வீட்டைத் திறந்தார்கள்.

சோட்டி மெஷினுக்கு முன்னால் ஒருக்களித்துக் கிடந்தது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. ஷோபனா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவன் பாய்ந்து மெஷினைத் திறந்தான். எல்லாக் கிண்ணத்திலும் மீன் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒன்றைக்கூட நாக்கு தொடவில்லை. ஒன்றுகூடக் கெடவும் இல்லை.

ஷோபனா ஒரு கிண்ணத்தை வாங்கினாள். விரல் பட்டதும் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு சில்லுன்னு இருந்தா அதுக்கு எப்படிங்க வாசம் தெரியும்? கையில வச்சு, சூடு ஏத்தித்தான குடுப்பேன்."

கொஞ்சம் மீனை உள்ளங்கையில் பிசைந்து, மூக்கருகே பிடித்தாள். வாசம் பட்டதும் சோட்டி தலையைத் தூக்கிற்று. ஒரு தடவை நக்கியது. விழுங்க முடியவில்லை. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு அவர் வருவதற்குள் அவள் மடியிலேயே அடங்கிப்போயிற்று.

இருபது நிமிஷத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் திறந்து விட்டிருந்தால், தீவு வெக்கையே அந்த மீனைச் சூடாக்கியிருக்கும். சுதாகருக்கு அது அப்போதுதான் உறைத்தது. கண்டெய்னரில் வருகிற சரக்கு கெடாமல் இருந்தால் போதும் என்றே இருபது வருஷம் வேலை பார்த்த மூளை. பெட்டிக்கு வெளியே ஒரு வாய் காத்திருப்பதை அது யோசிக்கவே இல்லை. பாழாய்ப்போன மூளை.

அழுகைச் சத்தம் கேட்டு ஒச்சம்மா ஓடி வந்தாள். ஷோபனா அவளைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள்.

"அக்கா, சுவத்துக்கு அந்தப் பக்கந்தான இருந்தீங்க? ஒரு வார்த்தை போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

ஒச்சம்மா சுதாகரைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்புத்தான் தாயி" என்றாள்.

அவன் அத்தோடு விட்டிருக்கலாம். அவள் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. வாசல்படியில் நின்றபடி, "அவங்க பண்ணாங்க ஷோபனா. நான்தான் வர வேணாம்னுட்டேன்" என்றான்.

ஷோபனா பூனையின் காதை நீவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என்னைக்கு?"

"மூணாம் நாள். கத்திக்கிட்டே இருக்குன்னாங்க."

"அப்போ கத்துற அளவுக்குத் தெம்பு இருந்திருக்கு."

"இருந்துச்சு" என்றான் சுதாகர்.