வளையல் போடும்வரை

மூன்றாவது அடுக்கு உருளைக்கிழங்கை ட்ரேயில் பரப்பிக்கொண்டிருந்தபோது கூடத்துக் கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"உப்பு போட்டியா?"

"போட்டேம்மா."

"கெழங்குலயா, பால்லயா?"

வினோதினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிழங்கு வேகும்போது போட்டது நிச்சயம். வெண்ணெயும் மைதாவும் பாலும் சேர்த்துக் கிளறிய குழம்பிலும் போட்டாளா, போட வேண்டும் என்று நினைத்ததோடு சரியா? விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். காலையிலிருந்து ருசி பார்த்துப் பார்த்து நாக்கு எதையும் சொல்ல மறுத்தது.

"ரெண்டுலயும்," என்றாள்.

"சீஸ்லயே உப்பு கீதுடி. ஜாஸ்தி ஆயிடப் போவுது." அவ்வளவு பேசியதற்கே உண்ணாமலைக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா வேணு ஸ்பூனால் தண்ணீர் விட்டார். "நீ சும்மா இரேன். அவ பாத்துக்குவா," என்றார்.

கிரிவலப் பாதையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் பத்து வருஷத்துக்கும் மேலாகச் சமைத்தவள் உண்ணாமலை. அங்கே கற்றுக்கொண்டதில் பச்சை மிளகாயும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். சொந்தத்தில் காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும் சோற்றை யார் வேண்டுமானாலும் ஆக்கலாம். சீஸ் கிழங்கு மட்டும் உண்ணாமலை கையால்தான். இப்போது வயிற்றில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். இன்று மூத்த மகள் ரேவதிக்குக் கீழ்பென்னாத்தூரில் வளைகாப்பு. ஏழு வகைச் சோற்றோடு பெரியம்மா விடிந்ததுமே வேனில் போயாயிற்று. கிழங்கை எடுத்துக்கொண்டு வினோதினி பின்னால் போக வேண்டும்.

துருவிய சீஸை மேலே தூவி, ட்ரேயை ஓவனுக்குள் தள்ளிவிட்டுப் புடவை கட்டப் போனாள். கொசுவம் சரியாக வரவில்லை. அவிழ்த்து மறுபடியும் மடித்தாள். அடுக்களையிலிருந்து சீஸ் உருகும் வாசனை அறைக்குள் வந்தது.

வெளியே வந்தபோது வேணு ஸ்பூனைக் கையில் பிடித்தபடியே இருந்தார். விட்ட தண்ணீர் அம்மாவின் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்திருந்தது.

"போயிட்டா," என்றார், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

வினோதினி வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் அவருடைய உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியது.

"கத்தாத. பக்கத்து வூட்டுல கேக்கும்."

உள்ளே ஓவன் மணியடித்து நின்றது.

நான்கு நாளைக்கு முன்னால்தான் அம்மா சொல்லியிருந்தாள். "வெள்ளிக்கிழம வரைக்கும் டோக்கன் வாங்கி வெச்சிருக்கேன். முன்னயே கூப்ட்டாங்கன்னா வாயத் தொறக்காதீங்க. அவளுக்கு வளையல் போட்டப்பறம் அழுதுக்கலாம்." அப்போது வேணு, "ஆமா, உனக்கு எல்லாத்துலயும் தமாசுதான்," என்று எழுந்து போய்விட்டார். ரேவதிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை. மாதமும் நிறைந்துவிட்டது. இன்றைக்குத் தடைபட்டால், பிரசவத்துக்கு முன் வேறு நாள் கிடையாது.

"பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள முடிச்சிடுவாங்க," என்றார் வேணு. "முடிஞ்சதும் எனக்கு ஒரு போன் போடு. அப்பறமா மத்தவங்களுக்குச் சொல்லிக்கலாம். நீ கெளம்பு."

"இத எப்டி நைனா எடுத்துட்டுப் போறது?" அவள் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினாள். "சாவு வூட்டுச் சோறு ஆச்சே."

"அவ இருக்கும்போது வெச்சது."

"வெந்தது?"

அவர் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். அவளே மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஓவனில் வைத்தபோது அம்மா இருந்தாள். இறக்கும்போது இல்லை. நடுவில் எந்த நிமிஷத்தில் எது நடந்தது? எடுத்துப் போனால் பாவம். எடுத்துப் போகாவிட்டால், கிழங்கு எங்கே என்றுதான் ரேவதி முதலில் கேட்பாள். கேட்டதுமே புரிந்துகொள்வாள்.

வேணு தோளில் கிடந்த துண்டை எடுத்து நடுவில் கிழித்தார். ஒரு பாதியை வினோதினியிடம் நீட்டினார். "சூடா இருக்கும். சுத்திக்கோ." மறுபாதியை மனைவியின் தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட ஆரம்பித்தார். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. வினோதினி ஒரு விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தன் தலையில் இருந்த பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, ட்ரேயைத் தூக்கினாள். வேணு அவளுக்குப் பின்னால் கதவை உள்பக்கமாகத் தாழிட்டார்.

தெருமுனையில் ஆட்டோவோடு நின்றிருந்த ராமதாஸ், வேணுவின் பழைய கூட்டாளி.

"இன்னா பாப்பா, வாசன ஆளத் தூக்குது! எனக்கும் பங்கு உண்டா, இல்ல மோந்து பாக்கறதோட சரியா?"

"உண்டுண்ணா."

"உங்கம்மா எப்டி கீறாங்க?"

"தூங்கறாங்க."

"தூங்கட்டும். தூங்குனாலே பாதி வியாதி போயிடும்."

அடி அண்ணாமலையைத் தாண்டி, டவுன் நெரிசலில் நுழைந்து, கீழ்பென்னாத்தூர் சாலை பிடிக்கும்வரை அவர் தன் மாமியாரின் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். மடியில் ட்ரேயின் சூடு துண்டைத் தாண்டித் தொடையைச் சுட்டது. அவள் அதை நகர்த்தவில்லை.

ரேவதியின் மாமியார் திரௌபதி தீட்டு விஷயத்தில் நூல் பிசகாதவள். யாரோ தூரத்துப் பங்காளி இறந்த செய்தி பஸ்ஸில் போகும்போது வந்து, பாதி வழியில் இறங்கித் திரும்பி, தலை முழுகி, வீட்டிலிருந்த குடம் குண்டான் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தவள். அவள்தான் இப்போது சந்தனத் தட்டோடு வாசலுக்கு வந்தாள்.

"வா, வா. இன்னாடி வாசப்படியிலயே நிக்கற, கடன் கேக்க வந்தவளாட்டம்? ட்ரே வந்துடுச்சா! படுத்தும் அடங்கல பாரு உங்கம்மாவுக்கு."

சிரித்துக்கொண்டே குங்குமத்தில் விரலைத் தொட்டு, வினோதினியின் நெற்றிக்குக் கொண்டுவந்தாள். வினோதினியின் கால் தன்னால் ஓரடி பின்னால் போயிற்று.

விரல் அந்தரத்தில் நின்றது. திரௌபதி அவள் நெற்றியைப் பார்த்தாள், பூ இல்லாத தலையைப் பார்த்தாள். பிறகு குங்குமத்தைத் தன் விரலிலிருந்து தட்டின் விளிம்பில் துடைத்தாள்.

"சரி, வெயில்ல வந்திருக்க. ஓரமா உக்காரு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தெரிந்துவிட்டது. இப்போது நிறுத்துவாள் என்று வினோதினி காத்திருந்தாள். ட்ரேயை வராந்தாவில் கீழே வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே ரேவதி பச்சைப் பட்டில் மணையில் உட்கார்ந்திருந்தாள். வேப்பிலைக் காப்பு போட்டாயிற்று. பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, வளையலை ஏற்றினார்கள்.

"கைய மடக்கு ரேவதி, எருமமாடு கொளம்பு மாதிரி விரிச்சி வெச்சிக்கினா எப்டி ஏறும்?" என்றாள் ஒருத்தி. கூடம் சிரித்தது.

ரேவதியும் சிரித்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். "வினோ! வாடி. அம்மாவுக்குப் பதிலா கடைசியா நீ போடு."

எல்லாரும் திரும்பினார்கள். வினோதினி நிலையை விடவில்லை.

"வாடி, இன்னா வெக்கம்?"

"அக்கா, நீ... நான் அப்பறமா..."

"எனக்குப் போட மாட்டியா?" ரேவதியின் முகம் சுருங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வர எவ்வளவு நேரம்!

"ஆசதீர வூட்ல போயி போட்டுக்கோங்க, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும்," என்று திரௌபதி நடுவில் வந்து நின்றாள். குரல் எப்போதும்போலவே பெரிதாக இருந்தது. "ராகுகாலம் வந்துடப் போவுது. கையில எடமும் இல்ல. ஆரத்தி எடுங்கடி, இன்னா வாயப் பாத்துக்கினு நிக்கறீங்க?"

ஆரத்தித் தட்டு மூன்று சுற்று சுற்றி வெளியே போனது.

இலை போடத் தொடங்கினார்கள். திரௌபதி வராந்தாவுக்கு வந்து குனிந்து ட்ரேயை எடுத்தாள். வினோதினி அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, இது வேணாம். இதப் போடாதீங்க."

திரௌபதி குரலைத் தாழ்த்தினாள். "எப்போ வெச்சது?"

"வெக்கும்போது இருந்தாங்க. எறக்கும்போது..."

உள்ளே யாரோ அப்பளம் கேட்டார்கள். திரௌபதி ட்ரேயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சுற்றியிருந்த துண்டைப் பிரித்தாள். மேலே பொன்னிறமாகப் படிந்திருந்த சீஸை விரலால் விலக்கி, ஒரு கிழங்கை எடுத்து, நின்றபடியே வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"உப்பு ஜாஸ்தி," என்றாள். இன்னொன்றையும் எடுத்துத் தின்றாள். "கரண்டி குடு. ஆறிடப் போவுது."

அவளே இலை இலையாகப் போட்டுக்கொண்டு போனாள். ரேவதி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வினோதினி கிணற்றடிக்குப் போய் வேணுவுக்குப் போன் செய்தாள். "முடிஞ்சிது நைனா," என்றாள். "சாப்ட்டாளா?" என்றார் அவர். "சாப்ட்டா" என்றாள். அதன் பிறகு அவர் அழுவது கேட்டது.

திரும்பி வந்தபோது திரௌபதி தன் மகனை ஓரமாக அழைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலை குனிந்து கேட்டுவிட்டுக் கார் சாவியை எடுக்கப் போனான். "நானும் கூட வரேன்," என்று திரௌபதி மருமகளிடம் சொன்னாள். "அம்மா வூட்டுக்குக் கொண்டாந்து வுட வேணாமா?"

ரேவதி கையைக் கழுவிவிட்டு ட்ரே அருகில் வந்தாள். ஒரு கால்வாசிதான் மீதி இருந்தது.

"எல்லாத்தயும் வழிச்சிடாதடி. அம்மாவுக்கு எடுத்து வையி. அந்த ஓரத்துல மொறுமொறுன்னு இருக்கறத எடு. அதத்தான் கேப்பாங்க."

திரௌபதி திரும்பிப் பார்த்தாள். அடுக்களையிலிருந்து ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து வினோதினியிடம் கொடுத்தாள்.

வினோதினி மூலையில் கத்தியைச் செருகினாள். அவசரப்பட்டதில் கருகிய விளிம்பு நொறுங்கிப் போயிற்று. அதை ஒதுக்கிவிட்டு, அடுத்த மூலையில் கத்தியைப் படுக்க வைத்து, அடிவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். மூன்று அடுக்கும் உடையாமல் முழுசாக வந்தது. டப்பாவில் வைத்து மூடியை அழுத்தினாள். வாசலில் ரேவதி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் அசைந்தபோதெல்லாம் இரண்டு கை வளையல்களும் குலுங்கின.