ஒருநாள் முந்திப் போன சம்பந்தி

பாகூர் சிவப்பிரகாசம் தன் ஐம்பத்தாறு வயதுக்குள் ஏறிய உயரமான இடம் எதுவென்று கேட்டால், அது பாகூர் ஏரிக்கரைதான். கரைமேல் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்லும் கரும்பும். அதற்கப்பால் கண்ணுக்கு எட்டியமட்டும் ஒரே சமதரை. அப்படிப்பட்ட மனுஷனின் ஒரே மகள் அர்ச்சனா, கல்வராயன் மலையில் பிறந்த பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள்.

"இன்னாடி, தரையில பொறந்த பையன் ஒருத்தன்கூடவா உனக்குக் கெடைக்கல?" என்றார் சிவப்பிரகாசம்.

பையன் பெயர் மணிவண்ணன். புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அதே ஆஸ்பத்திரி லேப்பில்தான் அர்ச்சனாவுக்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான். பையனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொந்தக்காரர்கள் சிலர் 'நம்ம சனத்துல இல்லாததா' என்று முணுமுணுத்தார்கள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரை உறுத்தியது அந்த மலைதான். மகள் அங்கே எந்த மாதிரி வீட்டில் கால் வைக்கப்போகிறாள், நிலம் எப்படி, தண்ணீர் எப்படி? பார்க்காமல் எப்படித் தலையாட்டுவது?

"ஞாயித்துக்கிழம வாங்க, அப்பா அம்மா எல்லாரும் வூட்டுல இருப்பாங்க" என்று பையன் கூப்பிட்டிருந்தான். சிவப்பிரகாசம் சனிக்கிழமையே கிளம்பினார்.

"சொன்ன நாள்ல போனா அவங்க காட்டறத மட்டும்தான் பார்த்துட்டு வரணும். ஒருநாள் முந்திப் போனாத்தான் உள்ளது தெரியும். பொண்ணுகிட்ட மூச்சு விடாத" என்று மனைவி ஆண்டாளிடம் சொன்னார்.

"திருட்டுத்தனமா போய்ப் பார்க்கறதுக்கு அது இன்னா கோழிப்பண்ணையா?" என்று கேட்டாலும், ஆண்டாள் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள்.

வில்லியனூர் அமிர்தசாமியின் கார். அமிர்தசாமி நெடுநாள் பழக்கம். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவர் வண்டிதான். விழுப்புரம், கள்ளக்குறிச்சி தாண்டி, கோமுகி அணையில் ஒரு டீ குடித்துவிட்டு மலையில் ஏறினார்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் அமிர்தசாமி சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த வளைவில் சிவப்பிரகாசமும் போட்டுக்கொண்டார்.

"நீங்க எதுக்குண்ணே?"

"எந்த சாமிக்கு இங்க அதிகாரம்னு யாருக்குப்பா தெரியும்?"

கரியாலூரைத் தாண்டியதும் காற்று மாறியது. நல்ல வெயிலிலேயே உடம்பு சிலிர்த்தது. ஆண்டாள் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, "ஐயோ எவ்ளோ பச்சை" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் 'மூங்கிலடி' என்று பாதி அழிந்த பலகை ஒன்று தெரிந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவரிடம் சிவப்பிரகாசம் கேட்டார்.

"மணிவண்ணன் வூடு எதுங்க?"

"அந்தா, பலாமரம் ரெண்டு நிக்குது பாருங்க, அதான்."

நல்ல வீடு. மண்சுவர்தான், ஆனால் வழுவழுவென்று மெழுகி, ஓடு வேய்ந்து, வாசலில் மாடு கட்டி, பக்கத்தில் சாமைக்கொல்லையும் மிளகுக்கொடியுமாக நிறைவாக இருந்தது. பலாமரம் அடியிலிருந்தே காய்த்துத் தொங்கியது. வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வந்தார். பெயர் மணியம்மாள். பேச்சில் கறார், நின்ற நிலையிலேயே ஊருக்கு ஏதோ பொறுப்பில் இருப்பவர் என்று தெரிந்தது.

"வாங்க. எந்த ஊரு?"

யார் என்று உடனே சொல்லிவிட்டால் வந்த காரியம் கெட்டுவிடும். சிவப்பிரகாசம், "பாண்டிப் பக்கங்க. சும்மா மலைய சுத்திப் பார்க்கலாம்னு வந்தோம்" என்று அர்த்தத்தோடு சிரித்தார்.

"வெயில்ல நிக்காதீங்க" என்று பாய் விரித்தார் மணியம்மாள். உள்ளேயிருந்து ஓர் இளம்பெண் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேனும் கொண்டுவந்து வைத்தாள். யாரென்றே தெரியாதவர்களுக்கு இவ்வளவு உபசாரமா? 'கண்டுபிடிச்சிட்டாங்க. தெரிஞ்சும் தெரியாத மாதிரி நடக்கறாங்க. பெரிய மனுஷத்தனம்' என்று சிவப்பிரகாசம் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

கிழங்கு உள்ளே போனதும் அவருக்குத் துணிச்சல் வந்தது. "நெலம் மொத்தம் எவ்ளோ வருங்க?"

மணியம்மாளின் முகம் லேசாக மாறியது. "இருக்குது."

"பட்டா பையன் பேர்ல இருக்குதா, உங்க பேர்லயா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"தண்ணி வசதியையும் ஒருதரம் பார்த்துடலாம்னு..."

மணியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். கூரையில் செருகியிருந்த கொடுவாளை உருவி இடுப்பில் மாட்டிக்கொண்டார். "வாங்க. எல்லாத்தையும் காட்டறேன்."

முட்டிவலி என்று ஆண்டாள் அங்கேயே தங்கிவிட்டாள். அருவி இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அமிர்தசாமி துண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார். சிவப்பிரகாசம் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த அம்மாளின் பின்னால் ஏறினார்.

அது ஏற்றமா, சுவரா என்று சொல்லமுடியாது. மணியம்மாள் ஒருமுறைகூட நிற்கவில்லை. குறுக்கே வந்த முள்ளையெல்லாம் ஒரே வீச்சில் வெட்டித் தள்ளிக்கொண்டு போனார். வழியில் கடுக்காய் மரத்தடியில், பெரிய பெரிய பலகைக்கற்களை நிறுத்தி மேலே ஒரு பாறையால் மூடியதுபோல ஓர் அறை தெரிந்தது.

"இது இன்னாங்க?" மூச்சு விட ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷத்தில் கேட்டார்.

"குள்ளமனுசங்க கட்டுன வூடுன்னு எங்க பாட்டன் சொல்லுவாரு. நாங்க வர்றதுக்கு முன்னாலயே இங்க இருந்தது. வெளியூர்லேருந்து படிச்சவங்க வந்து போட்டோ எடுத்துக்கினு போவாங்க."

"இதுவும் உங்க பட்டாவுலதான் வருதா?"

மணியம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு இன்னும் வேகமாக ஏறினார்.

உச்சியில் அகலமான ஒரு பாறை. அதில் ஏறி நின்றதும் சிவப்பிரகாசத்துக்குக் கால் வலி மறந்துவிட்டது. மடிப்பு மடிப்பாக மலை. பக்கத்துச் சரிவில் அருவி வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி தொங்கியது. தூரத்தில் ஒரு மேகம் அவருடைய கண்ணுக்கு நேராக நகர்ந்துகொண்டிருந்தது. மேகத்தை அவர் இதுவரை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறார். ஊரிலேயே செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமும் அந்தப் பாறைதான். இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிவப்பிரகாசத்தின் சட்டைப்பையிலும் மணி அடித்தது. அர்ச்சனா.

"அப்பா, எங்கப்பா கீற? காலையிலேருந்து போன் போவல."

"கரும்புக்குத் தண்ணி பாய்ச்சிக்கினு இருக்கேம்மா."

"இன்னாமோ உய்யுனு சத்தம் கேக்குது?"

"மோட்டாரும்மா. அப்புறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மணியம்மாள் அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க" என்றார். சிவப்பிரகாசம் உட்கார்ந்தார்.

"எங்க ஆளுங்க காஞ்சிபுரத்துப் பக்கத்துலேருந்து மலையேறினவங்கன்னு சொல்லுவாங்க. அண்ணன் தம்பிங்க மூணு பேரு ஆளுக்கொரு மலையா புடிச்சாங்களாம். அதெல்லாம் கதை. ஆனா நான் கண்ணால பார்த்தது ஒண்ணு இருக்குது. ஜாகீர்தார் காலத்துல இந்த மண்ணு எங்களுது இல்ல. எங்கப்பா வருஷத்துல இத்தன நாளுன்னு கூலியில்லாம அவங்க காட்டுல ஏர் ஓட்டினாரு. ஜாகீர் ஒழிஞ்சு, பட்டான்னு ஒரு காயிதம் கைக்கு வந்தப்ப, எங்கப்பா அதப் படிக்கத் தெரியாம மோந்து பார்த்தாரு. அப்படி வந்த மண்ணுங்க இது. இதுல ஒரு பிடிகூட யாருக்கும் போவாது. கேட்டுக்கிட்டீங்களா?"

சிவப்பிரகாசத்துக்கு முதல் பாதி நெஞ்சைத் தொட்டது. அவரும் மண்ணைத் தொட்டு வாழ்கிறவர்தானே. ஆனால் கடைசி வரி இடித்தது. மகனுக்குக்கூடவா ஒரு பிடி கிடையாது?

"எனக்கு வேணாங்க. பையன் பேர்ல கொஞ்சம் இருந்தா..."

"பையன் பேர்ல எழுதி, அப்புறம் உங்க பேருக்கு மாத்திக்கவா?"

"என் பேருக்கு எதுக்குங்க? எனக்குப் பாகூர்லயே இருக்குது!"

"அப்ப அங்கயே இருக்க வேண்டியதுதான?"

இரண்டு பேரும் இறங்கினார்கள். சம்பந்தம் முறிந்தது என்றே சிவப்பிரகாசம் முடிவு கட்டிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், வரும்போது வேண்டாத மலை இப்போது கைநழுவிப் போகிறதே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. அந்த வீடும் பலாமரமும் எவ்வளவு நன்றாக இருந்தன! அர்ச்சனாவுக்கு எப்படிச் சொல்வது?

வீட்டு வாசலில் ஆண்டாள் சப்பணமிட்டு உட்கார்ந்து, அந்த இளம்பெண்ணோடு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு குழந்தை, தோளில் சாய்ந்துகொண்டு இன்னொன்று.

"வாங்க" என்றாள் ஆண்டாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "இவ பேரு ஜெயசித்ரா. மணிவண்ணனோட பொண்டாட்டி. இதுங்க ரெண்டும் மணிவண்ணனோட புள்ளைங்க."

சிவப்பிரகாசம் பக்கத்திலிருந்த பலாமரத்தைப் பிடித்துக்கொண்டார். "அடப்பாவி... ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்டானே..."

அதற்கு மேல் ஆண்டாளால் அடக்கமுடியவில்லை. மொச்சை முழுவதும் கொட்டிப்போகும்படி சிரித்தாள். "நானும் அப்படித்தாங்க மொதல்ல வெலவெலத்துப் போனேன். அப்புறம் போட்டோவக் காட்டுன்னு வாங்கிப் பார்த்தேன். இது வேற மணிவண்ணன், இந்தம்மாவோட மகன். கர்நாடகாவுல காப்பித் தோட்டத்துல வேலையாம். நாம வந்து உக்காந்திருக்கறது கீழ் மூங்கிலடி. நம்ம மாப்பிள்ளை வூடு மேல் மூங்கிலடி!"

"மாப்பிள்ளையா?" என்றார் மணியம்மாள்.

"ஆமாங்க. எங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை வூடு பார்க்க வந்தோம். சொல்லாம வந்து பார்க்கணும்னு இந்த மனுஷனுக்கு ஆசை."

மணியம்மாள் கொடுவாளைக் கூரையில் செருகிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "நெலம் வாங்க வந்த ஆளுன்னு நெனச்சேனே! அருவிக்கரையில ஓட்டல் கட்டறேன்னு அடிக்கடி எவனாவது வந்து நிப்பான். நீங்களும் வந்ததும் வராததுமா பட்டாவக் கேட்டீங்க. போன்ல வேற பொய் சொன்னீங்க. இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தா பாறையிலயே விட்டுட்டு வந்திருப்பேன்!"

சிவப்பிரகாசத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கமும் சேர்ந்து வந்தது. ஈரத்தலையோடு அருவியிலிருந்து வந்த அமிர்தசாமிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

மேல் மூங்கிலடி மணிவண்ணனின் அப்பா அருள்முருகன், மணியம்மாளுக்குப் பங்காளி முறை. "நான் இல்லாம எப்படிப் போவீங்க?" என்று மணியம்மாள் ஒரு பலாப்பழத்தோடு காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அந்த வீடு சின்னது. தகரக்கூரை. ஒரே ஒரு மாடு. கதவு சாத்தியிருந்தது. எல்லாரும் கீழே கொல்லையில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போடுகிற பையன், கிழிந்த லுங்கியும் முழங்கால்வரை சேறுமாக நிமிர்ந்தவன், மாமனாரைக் கண்டதும் கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டான்.

"மாமா... நாளைக்குத்தான..."

"நாளைக்கும் இருப்போம்ல" என்றார் சிவப்பிரகாசம். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினார். ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். தண்டு மட்டும் கையோடு வர, பொத்தென்று பின்னால் உட்கார்ந்தார். அருள்முருகன் ஓடிவந்து தூக்கிவிட்டார். அடுத்த செடியை இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கினார்கள். பொழுது சாயும்வரை அவர் கொல்லையை விட்டு ஏறவில்லை. பையன் எப்படிக் குனிகிறான், எப்படிச் சுமக்கிறான், தன் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் முந்தி வந்தது வீண்போகவில்லை.

சாப்பாட்டின்போது, "பொண்ணுக்கு நாங்க இன்னா செய்யணும்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்தார்.

அருள்முருகன் பதறிப்போனார். "நீங்களா? எங்க வழக்கத்துல பொண்ணு வூட்டுக்கு நாங்கதாங்க பரிசம் போடணும். நீங்க கேளுங்க."

என்ன கேட்பதென்று சிவப்பிரகாசத்துக்குத் தெரியவில்லை. யோசித்து, "ரெண்டு மூட்ட சாமை" என்றார். ஆண்டாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பேச்சு அப்படியே முடிந்தது.

மறுநாள் காலையில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி அர்ச்சனாவைக் கூப்பிட்டார். "அம்மாடி, நான் மலையிலதான் இருக்கேன். எனக்குச் சம்மதம்."

"நீ மலையிலதான் இருக்கேன்னு நேத்தே தெரியும்பா. நம்ம கரும்புக்கொல்ல மோட்டார் ரிப்பேராகி ஒரு வாரம் ஆவுது."

தை மாதம் பாகூரில் கல்யாணம். மலையிலிருந்து ஒரு பேருந்து நிறைய சனம் இறங்கியது. முணுமுணுத்த சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். தேனும் மிளகும் யாருக்கு எவ்வளவு என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. மறுநாள் சிவப்பிரகாசம் தானே முன்னால் நின்று, வந்தவர்களை ஊர் சுற்றிக் காட்டினார். மூலநாதர் கோயிலில் கல்வெட்டைத் தடவிக் காட்டி, சோழர் காலத்துக் கோயில் என்றார். ஏரிக்கரையில் நிறுத்தி, "இதான் எங்க மலை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பேருந்து கடலோரத்து நல்லவாட்டுக்குப் போனது.

மணியம்மாள் கடலைப் பார்த்தது அதுதான் முதல்தடவை. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, படகுகளுக்கு நடுவே நடந்து, மணல் முடிகிற இடத்தில் நின்றார். ஓர் அலை வந்து காலைத் தொட்டது. "யம்மா!" என்று புடவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் குதித்தார். அடுத்த அலைக்கு அவரே முன்னால் போனார். அப்புறம் இடுப்பளவு நனைந்தும் ஏறி வரவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அருள்முருகன் கையை ஆட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் சிவப்பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரைக் கூப்பிட்டுவரத் தண்ணீரில் இறங்கினார். போனவரும் வரவில்லை. இரண்டு பேரும் அங்கேயே நின்று, வருகிற ஒவ்வோர் அலைக்கும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.