நஸ்ருன்னிசா நடந்த இடங்கள்

சண்முகசுந்தரத்துக்குப் பெருமைகள் இரண்டு. தி.நகரில் பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் பட்டுப் பிரிவுக்கே அவர்தான் மேலாளர் என்பது முதலாவது. ‘மாயவலை’ என்ற கைப்பேசி விளையாட்டில் நாற்பத்தேழாம் நிலையில் இருப்பது இரண்டாவது. இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார், அதுவும் கேட்பவர் எழுந்து ஓட முடியாத இடமாகப் பார்த்து.

விளையாட்டு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கைப்பேசியை நீட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், திரைக்குள் நடைபாதையிலும் மதில்மேலும் விதவிதமான ஜந்துக்கள் வந்து உட்காரும். வலை வீசிப் பிடித்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு. எங்கே பிடித்தது, எந்தத் தேதியில் பிடித்தது என்று அதில் இருக்கும். அந்த ஜந்துக்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. பனகல் பூங்காவில் ஞாயிறு காலை கூடும் கோஷ்டி எல்லாவற்றையும் பூச்சி என்றே சொன்னது.

அந்தக் கோஷ்டியில் வயதில் மூத்தவர் வலியுல்லா பாய். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் வீடு. கோஷ்டியோடு வருவார், யாரோடும் போட்டி போட மாட்டார். இத்தனை நாளாகியும் மூன்றாம் நிலையைத் தாண்டாத அவரைப் பார்க்கும்போதெல்லாம் சண்முகசுந்தரத்துக்குப் பரிதாபமாக இருக்கும்.

கண்புரை அறுவைக்கு நாள் குறித்ததும் பாய் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து சண்முகசுந்தரத்திடம் கொடுத்தார்.

“தம்பி, பத்து நாளைக்கு இதப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தெனம் ஒரு பூச்சி புடிக்கணும். ஒரு நாள் விட்டாலும் தொடர்ச்சி அறுந்துடும். நீங்க ஒண்ணே ஒண்ணு புடிச்சாப் போதும்.”

“கவலைய விடுங்க பாய். ராசா மாதிரி திருப்பித் தாரேன்” என்றார் சண்முகசுந்தரம். அவர் சங்கரன்கோவில்காரர். சென்னைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் அந்தத் ‘தாரேன்’ மட்டும் மாறவில்லை.

மறுநாள் காலை மந்தைவெளி ரயில் நிலையப் படிக்கட்டில் நின்று வலை வீசினார். ‘பை நிறைந்துவிட்டது’ என்று திரை சொன்னது. திறந்து பார்த்தார். நானூறு பூச்சிகள். ஒன்றாவது தேற வேண்டுமே! எல்லாம் ஆரம்ப நிலைக்காரர்கள் பிடிக்கும் நோஞ்சான்கள், ஒரே மாதிரி நத்தைகள், வால் அறுந்த பல்லிகள்.

ஒன்றை நீக்கினால் போதும், இடம் கிடைத்திருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு ஒதுக்கிப் பழகிய கை அது. விலைபோகாத சேலை அலமாரியில் இருந்தால் நல்ல சேலைக்கு இடம் ஏது என்பது அவர் கடைப் பையன்களுக்குச் சொல்லும் பாடம். நிற்கிற நிற்பில் நானூறையும் தேர்ந்தெடுத்தார். ‘விடுவித்தால் திரும்பப் பெற முடியாது’ என்ற எச்சரிக்கையைப் படித்தார், படித்துவிட்டுத்தான் அழுத்தினார். பிறகு உஸ்மான் ரோடு முழுக்க நடந்து நாற்பது முரட்டுப் பூச்சிகளைப் பிடித்துப் பையில் போட்டார். பாய் அசந்துபோவார் என்று நினைத்தபோது மனசு குளிர்ந்தது.

அன்று மாலை கோஷ்டியிலிருக்கும் ஆட்டோ ஓட்டுநர் தனபாலனிடம் பெருமையாகத் திரையைக் காட்டினார். தனபாலன் முகம் செத்துப்போயிற்று.

“யோவ் மாமா, இன்னா வேல பண்ணி வெச்சிக்கீற? அது பாய் புடிச்சதுன்னு நெனச்சியா? அவரு சம்சாரம் நஸ்ருன்னிசாம்மா புடிச்சதுய்யா. சுகருக்கு நடக்கச் சொன்னாங்கன்னு அந்தம்மா தனியா நடந்துகினே புடிச்சது. அவங்க மவுத்தாகி ரெண்டு வருசம் ஆச்சி. பாய் வாரத்துக்கு ஒரு சீட்டத் தொறந்து, அவங்க எங்க நின்னு புடிச்சாங்களோ அங்க போய் நின்னுட்டு வருவாரு. நான்தான இட்டுகினு போறேன். அந்தம்மா தொடங்கின தொடர்ச்சி அறுந்துடக் கூடாதுன்னு, பைல மிச்சமிருக்கிற ஒரே எடத்துல தெனம் ஒண்ணு புடிச்சி அன்னிக்கே வுட்டுடுவாரு, ஆசுபத்திரி அவசரத்துல கடசி ஒண்ண மறந்துட்டார் போல.”

“எத்தன எடம் பாத்திருக்காரு?”

“நூத்திப் பத்தோ இன்னாவோ. மெள்ளப் பாக்கணும், தீந்துடக் கூடாதும்பாரு. நீயே போய்ச் சொல்லிடு, நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

சண்முகசுந்தரம் அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்தார். விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கு அழாக்குறையாக எழுதினார். விடுவித்தது விடுவித்ததுதான் என்று இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. இயந்திரம் எழுதிய பதில். மனிதன் எழுதியிருந்தால் கொஞ்சமாவது தாமதித்திருப்பான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் மறுநாள் கடைக்குப் போகும் வழியில் பாய் வீட்டுக்குப் போனார். பாய் ஒரு கண்ணில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். குரல் கேட்டதுமே முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்க தம்பி! நான்தான பாக்கக் கூடாது? நீங்க ஒரு சீட்டு படிங்களேன். நூத்திப் பதினொண்ணாவது.”

சண்முகசுந்தரம் வாயைத் திறந்தார். சரக்கு இல்லாதபோதும் வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லாத வாய் அது.

“பனகல் பார்க். ரெண்டாயிரத்து இருபத்தியொண்ணு, ஆகஸ்ட் பதினேழு.”

“பனகல் பார்க்கா!” பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தி.நகர் வரைக்கும் போனாளா? என்கிட்ட மூச்சு வுடலயே, கள்ளி!” அவர் சிரித்த சிரிப்பில் சண்முகசுந்தரம் திரையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

ஒரு பொய்யோடு நின்றதா? கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்த பாய்க்குத் தினமும் ஒரு சீட்டு வேண்டியிருந்தது. அடுத்த நாள் சாந்தோம் கடற்கரை. அதற்கடுத்த நாள் நாகேஸ்வர ராவ் பூங்கா. நான்காம் நாள் மந்தைவெளி ரயில் நிலையப் படிக்கட்டு. நானூறையும் கொன்ற இடத்தையே சொன்னோமே என்று அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு பொய்யையும் பாய் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார், அந்த அம்மாள் எந்த பஸ்ஸில் போயிருப்பாள், என்ன சேலை கட்டியிருப்பாள் என்றெல்லாம் அவரே சேர்த்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தம்பி, வரிசையா வேணாம். ரெண்டாயிரத்து இருபத்தியொண்ணு, டிசம்பர் நாலு, அந்தத் தேதில எதாவது இருக்கா பாருங்க. எனக்கும் அவளுக்கும் அன்னிக்குப் பெரிய சண்ட. நான் கை ஓங்கிட்டேன். முப்பத்தஞ்சு வருசத்துல அன்னிக்கு மட்டும்தான். காலைல வெளிய போனவ மத்தியானம்தான் வந்தா. எங்க போனேன்னு கடசி வரைக்கும் சொல்லல. நானே தேடிப் பாத்திருக்கலாம். தைரியம் இல்ல.”

இப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் கட்டுப் போடாத கண்ணால் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் சண்முகசுந்தரத்துக்குப் புத்தி தடுமாறியது.

“இருக்கு பாய். அடையாறு. திரு.வி.க. பாலம்.”

பாய் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “நிக்காஹ் ஆன வாரம் நாங்க நடந்துபோன மொத எடம்” என்றார். “அவ்ளோ கோவத்துலயும் அங்கதான் போய் நின்னிருக்கா.” கண்ணில் ஈரம் படக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மறந்து அழுதார்.

அதற்குப் பிறகு சண்முகசுந்தரம் அந்தப் பக்கம் போகவில்லை. கடையில் ஆடிட்டிங் என்று சாக்குச் சொன்னார். தினம் ஒரு பூச்சி மட்டும் பிடித்தார், திருடன் பூஜை போட்ட மாதிரி.

பத்தாம் நாள் காலை, சண்முகசுந்தரம் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த பனகல் பூங்காவுக்கே தனபாலன் ஆட்டோவில் பாய் வந்து இறங்கிவிட்டார். கறுப்புக் கண்ணாடி, சலவைச் சட்டை. தனபாலன் இறக்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்ததுபோக மிச்சமிருந்த பூங்காவில் ஒரு சிமெண்டு பெஞ்சில் பாய் உட்கார்ந்தார், பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு.

“அவ எந்தப் பக்கம் நின்னு புடிச்சா? காட்டுங்க தம்பி.”

எந்தப் பக்கம் கையை நீட்டுவது? சண்முகசுந்தரத்தின் கை எழவே இல்லை. நின்றபடியே சொல்லிவிட்டார். பை நிறைந்திருந்தது, ஒன்றை நீக்கினால் போதும் என்று தெரிந்தும் நானூறையும் நீக்கியது, எச்சரிக்கையைப் படித்துவிட்டே அழுத்தியது, எல்லாவற்றையும் சொன்னார். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. முதல் தப்பு தெரியாமல் நடந்தது, மற்றதெல்லாம் தெரிந்தே செய்தது.

பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அப்ப அவ இங்க வரவே இல்லயா?”

“தெரியாது பாய். வந்துருக்கலாம். இனி யாராலயும் சொல்ல முடியாது.”

பாய் தலையை ஆட்டினார். தன் பக்கத்தில் விட்டிருந்த இடத்தைக் கையால் ஒரு தரம் தடவினார்.

“சாந்தோம் பீச்?”

“பொய் பாய்.”

“நாகேஸ்வர ராவ் பார்க்?”

“அதுவும்.”

“மந்தவெளி டேசன் படி?”

“பொய்தான் பாய்.” ஒவ்வொரு பதிலுக்கும் அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போவதைக் கண்ணால் பார்த்தார். இன்னும் ஒன்று பாக்கி. பாலம்.

பாய் எழுந்துவிட்டார். கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பாய், இன்னும் ஒண்ணு…”

“நான் அதக் கேக்கல தம்பி.” பாய் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கேக்கவும் மாட்டேன். நீங்களும் எப்பவும் சொல்லிடாதீங்க.”

தட்டுத்தடுமாறி வாசலுக்கு நடந்து, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். தனபாலன் எங்கே போகலாம் என்று கேட்டது சண்முகசுந்தரத்துக்குக் கேட்டது. பாய் சொன்னதும் கேட்டது.

“அடையாறு பாலம்.”