சுவர்மேல் வைத்த கை

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஸ்ரீரங்கத்தில் சிறுபத்திரிகை நடத்தும் சடகோபன் என்னிடம் கேட்டது கட்டுரைதான். ராஜா ராணிப் படங்களில் காதலர்கள் தொட்டுக்கொள்ளாமல் இருப்பதன் அழகைப் பற்றி.

“நாயகன் விரலுக்கும் நாயகி விரலுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி. அதான் ஸ்ருங்காரம். தொட்டுட்டா ரசம் போயிடும், பாருங்கோ.”

தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால், 1978இல் பார்த்த ஒரு கை நினைவுக்கு வந்து கட்டுரையைக் கெடுத்துவிட்டது.

2.

காவிரியின் மெல்லிய காற்று வீசிய அந்த மாலையில் டோரதி தன்

(வேண்டாம். காற்றெல்லாம் வீச வேண்டாம்.)

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சினிமாக் கொட்டகை. பெஞ்சு டிக்கெட்டில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே குட்டைச் சுவர்.* அதன்மேல், பெண்கள் பக்கத்திலிருந்து நீட்டிய ஒரு கை. நான் பார்த்தது அவ்வளவுதான். டோரதியும், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த லூர்துவும் நான் உண்டாக்கியவர்கள்.

* புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்துதான் உட்கார வேண்டும். ஆறு பிள்ளை பெற்றவர்களுக்கும் இதே சட்டம்!

3.

இருவரும் ஒரே அலுவலகத்தில் டைப்பிஸ்டுகள். காதல். ஆனால் டோரதிக்கு வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்து, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறும் வாசித்து, தடை சொல்ல ஆளில்லை என்றால் கல்யாணம்.

இடைவேளையில் சோடாக் கடையருகே பேசினார்கள்.

“நாளைக்கு மூணாவது ஓலை.”

“தெரியுங்க.”

“எங்க அப்பாகிட்ட வந்து ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

லூர்து சோடாவைப் பார்த்தான்.

“வாயில வரலைன்னா பரவால்ல. சுவத்து மேல கைய வைக்கிறேன். பிடிச்சீங்கன்னா வருவீங்கன்னு எடுத்துக்கறேன்.”

4.

திரையில் இளவரசன், விரல் படாமல் இளவரசிக்கு வளையல் போட்டுவிட்டான். கொட்டகையே பெருமூச்சு விட்டது. லூர்துவின் கை சுவர்மேல் ஏறி, டோரதியின் கைக்குப் பக்கத்தில் வந்து, நின்றுவிட்டது. தொடாமல் இருப்பதுதான் மரியாதை, அதுதான் பெரிய காதல் என்று நினைத்தான், மடையன். அவள் கேட்டது ரசமா? பதில்!

“லூர்து அவள் கையைப் பிடித்தான்” என்று எழுதிப் பார்த்தேன். கேட்க மாட்டேன் என்கிறான். படம் பார்த்துப் பழகிய கை.

டோரதிக்கு அவமானமாக இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சடகோபன் சார், இளவரசன் தொடாமல் இருந்தாலும் கடைசி ரீலில் யானை வந்து மாலை போட்டுவிடும். லூர்து தொடாவிட்டால் இன்னொருவன் தாலி கட்டுவான். இதையா அழகு என்கிறீர்கள்?

5.

முடிவு அ: பூசையில் லூர்து எழுந்து நின்று

(நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: டோரதியே எழுந்து, “சாமி, இந்தக் கல்யாணத்துல எனக்கு

(அடித்துவிட்டேன். எல்லாவற்றையும் அவளே செய்ய வேண்டுமா?)

ஆகவே இப்படி நிறுத்துகிறேன். ஞாயிறு. பங்குச்சாமியார் ஓலையை வாசித்துவிட்டு, தடை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்கிறார். லூர்து குனிந்திருக்கிறான். டோரதி அவன் பக்கம் திரும்பவில்லை. தடை என்னவென்று அவர்களுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். சொல்வதானால் எழுந்து சொல்லுங்கள். அழகான மௌனம் என்று மட்டும் எனக்கு யாரும் கடிதம் போட வேண்டாம்.